தனியாக ஒரு கப்பல் பயணம்: டிக்கெட் கணக்கும் இன்ஷூரன்ஸ் கணக்கும்

பிளேஸ்மென்ட் முடிந்து ஜாய்னிங் டேட்டுக்காகக் காத்திருக்கும் ஃபைனல் இயர் கூட்டத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை ‘சோலோ ட்ரிப்’. அதிலும் சிலர் ஒரு படி மேலே போய் க்ரூஸ் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு, நாலு ராத்திரியில் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல். சாப்பாடு, தங்குமிடம், நீச்சல்குளம் எல்லாம் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். தனியாகப் போகிறவர்களுக்கு வசதிதான், நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் தனியாகப் போகிறவர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, விளம்பரத்தில் இருக்கும் விலை. அது உங்களுக்கான விலையே இல்லை. இன்னொன்று, இன்ஷூரன்ஸ். கப்பலில் துணை இல்லாமல் போவதால் வரும் உண்மையான ஆபத்து டிக்கெட் பணத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது.

முதலில் விலை.

ஊட்டியில் லாட்ஜ் எடுத்தால் வாடகை ரூமுக்கு. ஒருத்தர் தங்கினாலும் ரெண்டு பேர் தங்கினாலும் கிட்டத்தட்ட அதே காசு. கப்பலில் அப்படி இல்லை, தலைக்கு இவ்வளவு என்றுதான் விற்கிறார்கள். ‘ஒரு நபருக்கு 40,000 ரூபாய் முதல்’ என்று பேனரில் இருந்தால், அதன் கீழே பொடி எழுத்தில் ‘இருவர் ஒரு கேபினைப் பகிரும்போது’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதாவது நீங்கள் பார்த்தது அரை ரூமின் விலை. தனியாகப் போனால் காலியாகக் கிடக்கும் இன்னொரு படுக்கைக்கும் நீங்களே காசு கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் சிங்கிள் சப்ளிமென்ட். சில பயணங்களில் கட்டணத்தில் கால்வாசியோ பாதியோ கூடுதலாகக் கேட்பார்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் சீசனில் முழு 100 சதவீதமும் கேட்பார்கள்.

இது அநியாயம் மாதிரி தெரியும். கம்பெனி பக்கம் இருந்து பாருங்கள். இந்தத் துறையில் ஒரு கேபினுக்கு ரெண்டு பேர் என்பதைத்தான் 100 சதவீத நிரப்பாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மூன்றாவது, நாலாவது படுக்கையில் குழந்தைகள் வருவதால்தான் கப்பல் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் 105 சதவீதம், 108 சதவீதம் என்று நம்ம கணக்கு வாத்தியார் பார்த்தால் சிவப்பு மையில் சுழிக்கிற மாதிரி எண்கள் வருகின்றன. ஒருத்தர் மட்டும் ஏறினால் அந்தக் கேபின் 50 சதவீதம்தான். போகாதது டிக்கெட் காசு மட்டுமில்லை, அந்த இன்னொருத்தர் பாரிலும் கேசினோவிலும் கரைச் சுற்றுலாவிலும் செலவழித்திருக்கக்கூடிய காசும்தான். கப்பலின் எரிபொருளோ, ஊழியர் சம்பளமோ ஒருத்தர் குறைந்ததால் குறையப் போவதில்லை.

ஆனால் எல்லாமே ரெட்டிப்பாகாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு. ஊழியர்களுக்கான டிப்ஸும் ஆளுக்கு, நாளுக்கு. பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் இது நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை வரும், பெரும்பாலும் தானாகவே உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம் (எண்கள் நான் வைத்துக்கொண்டவை). கட்டணம் 40,000, துறைமுகக் கட்டணம் 10,000, டிப்ஸ் நாளுக்கு 18 டாலர் வீதம் நாலு நாளுக்கு 72 டாலர். டாலர் 88 ரூபாய் என்றால் 6,336. ரெண்டு பேராகப் போனால் ஆளுக்கு 56,336. தனியாகப் போனால் 80,000 + 10,000 + 6,336 = 96,336. ரெட்டிப்பு இல்லை, 1.71 மடங்கு. கட்டணம் குறைவாகவும் வரி அதிகமாகவும் உள்ள சின்னப் பயணங்களில் இந்த விகிதம் இன்னும் இறங்கும். அதனால் சப்ளிமென்ட் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மொத்தத் தொகையைப் பாருங்கள். தேடும்போதே பயணிகள் எண்ணிக்கையை 1 என்று மாற்றித் தேடுங்கள். அந்தப் பெட்டியில் வழக்கமாக 2 என்றுதான் நின்றுகொண்டிருக்கும்.

தனி ஆளுக்கென்றே கட்டிய கேபின்களும் உண்டு. 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் 128 ‘ஸ்டூடியோ’ கேபின்கள் வைத்தார்கள். சுமார் 100 சதுர அடி, நம்ம ஹாஸ்டல் ரூமைவிடச் சின்னது. ஜன்னல் இருக்கும், ஆனால் கடலைப் பார்க்காது, வராந்தாவைப் பார்க்கும்! அதோடு தனியாக வந்தவர்கள் கூடி உட்கார ஒரு பொது லவுஞ்ச். அந்த ஐடியா ஓடியதால் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2016-ல் குயின் மேரி 2 கப்பலைப் புதுப்பித்தபோதுகூட 15 ஒற்றைக் கேபின்கள் சேர்த்தார்கள். இவற்றுக்கு சப்ளிமென்ட் இல்லை, ஆனால் இடம் கொஞ்சம்தான் என்பதால் விலை எகிறும். சில சமயம் சாதாரண உள்கேபினை முழுசாக எடுப்பதே மலிவாக வரும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

மற்ற செலவுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வைஃபை தனிக் காசு. நடுக்கடலில் உங்கள் ஃபோன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்தால் ரோமிங் பில் தலை சுற்ற வைக்கும், ஏறியதும் ஏரோபிளேன் மோட் போட்டுவிடுங்கள். கப்பல் சிங்கப்பூரைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருவதால் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியப் பயணம் என்றாலும் இதே கதைதான்: பார்சிலோனாவில் ஏறி துருக்கி போய் கிரீஸில் இறங்கினால் ஷெங்கன் பகுதிக்குள் ரெண்டாவது தடவை நுழைகிறீர்கள்.

இனி இன்ஷூரன்ஸ். இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும்.

நம்மில் பலர் டிராவல் இன்ஷூரன்ஸை டிக்கெட் புக் பண்ணும்போது கீழே வரும் ஒரு டிக் பாக்ஸாகத்தான் பார்க்கிறோம். டிக் பண்ணினால் ‘பயணம் ரத்தானால் பணம் திரும்பும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். புராபபிலிட்டி பேப்பரில் படித்ததை இங்கே போடுங்கள். இழப்பு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று, நடந்தால் அதைத் தாங்க முடியுமா என்பது வேறு. 96,000 ரூபாய் போனால் வலிக்கும், ஆறு மாதம் திட்டிக்கொண்டே சம்பாதித்து அடைத்துவிடலாம். நடுவழியில் உடம்பு முடியாமல் மருத்துவ வசதியுள்ள தனி விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தால், தூரத்தையும் நிலைமையையும் பொறுத்து ஒரு லட்சம் டாலரையும் தாண்டலாம். ரூபாயில் 88 லட்சம். அது வீட்டையே விற்க வைக்கும் தொகை. எனவே பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவச் செலவுக்கும் அவசர இடமாற்றத்துக்கும் உள்ள வரம்பு. ரத்து, லக்கேஜ் எல்லாம் அதற்கப்புறம்தான். 50,000 டாலர் வரம்புக்கும் 2,50,000 டாலர் வரம்புக்கும் நம்ம வயதுக்காரர்களுக்கு, ஒரு வார ஆசியப் பயணத்துக்கு, பிரீமியம் வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ போதும் என்பது விசா கிடைக்க மட்டுமே, அதுவே போதுமான தொகை என்று நினைக்க வேண்டாம்.

ஒரு உதாரணத்தை வைத்து யோசியுங்கள். ரெண்டாம் நாள் ராத்திரி, வயிற்றில் வலது கீழ்ப்பக்கம் தாங்க முடியாத வலி. குடல்வால் அழற்சி என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் டாக்டர், நர்ஸ் இருப்பார்கள், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, டிரிப் எல்லாம் உண்டு. ஆனால் அறுவை சிகிச்சை வழக்கமாக அங்கே செய்யமாட்டார்கள். பார்த்ததற்கான பில் தனியார் ஆஸ்பத்திரி ரேட்டில் உங்கள் கப்பல் கணக்கில் ஏறும், இறங்கும்போது கார்டில் கழியும். நம்ம ஊர் மாதிரி ‘கேஷ்லெஸ்’ என்று கார்டை நீட்டினால் பொதுவாக வேலைக்கு ஆகாது. கட்டிவிட்டு ரசீதை வைத்து பிறகுதான் கிளெய்ம். உங்கள் கிரெடிட் கார்டு லிமிட் 20,000 என்றால் இப்போதே யோசியுங்கள்.

அடுத்த துறைமுகத்தில் உங்களை இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். கப்பல் கிளம்பிவிடும். கூட யாராவது வந்திருந்தால் பெட்டியைக் கட்டுவது, ஆஸ்பத்திரியில் டெபாசிட் பற்றிப் பேசுவது, வீட்டுக்குச் சொல்வது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். தனியாகப் போனவருக்கு அந்த ஆள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் 24 மணி நேர உதவி மையம்தான். அந்த நம்பருக்குத்தான் நீங்கள் பிரீமியம் கட்டுகிறீர்கள் என்றே சொல்வேன். அவர்களிடம் சொல்லாமல் நீங்களாக விமான ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணினால் பணம் தர மறுக்கலாம், முன் அனுமதி வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அவர்கள் கொண்டுபோவதும் தகுந்த வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான், நீங்கள் கேட்கும் சென்னைக்கு இல்லை.

தனி ஆள் தேட வேண்டிய இன்னொரு வரி ‘கம்பாஷனேட் விசிட்’. நீங்கள் வெளிநாட்டில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தால், வீட்டிலிருந்து ஒருத்தர் வந்து போக விமான டிக்கெட் செலவைத் தருவார்கள். எத்தனை நாட்களுக்கு மேல் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பாஸ்போர்ட் இருக்கிறதா? பல வீடுகளில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளே நாம்தான். கம்பெனி டிக்கெட் கொடுத்தாலும் பாஸ்போர்ட் இல்லாத அப்பா எப்படி வருவார்?

சரி, வெளிநாடு வேண்டாம், மும்பை–கோவா, மும்பை–லட்சத்தீவு மாதிரி உள்நாட்டுக் கப்பலில் போகிறேன் என்றால்? வெளிநாட்டுப் பயண பாலிசி அதற்குச் செல்லாது. வீட்டு ஃபேமிலி ஃப்ளோட்டர் இருக்கிறதே என்பீர்கள். நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ‘ஆஸ்பத்திரி’ என்பதற்கு வைத்திருக்கும் வரையறையில், அரசிடம் பதிவு இல்லாத இடம் என்றால், 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, முழுநேர நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் இருக்க வேண்டும். கப்பல் கிளினிக் அதற்குள் வருமா? புக் பண்ணுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் ஃபோனில் ‘அதெல்லாம் கவர் ஆகும் தம்பி’ என்பது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

ரத்து விஷயத்துக்கு வருவோம். பயண தேதி நெருங்க நெருங்க கப்பல் கம்பெனி பிடித்துக்கொள்ளும் தொகை ஏறும், கடைசி ரெண்டு வாரத்தில் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூட திரும்பாது. பாலிசி பணம் தருவது அதில் பட்டியல் போட்ட காரணங்களுக்கு மட்டும்: உங்களுக்கு அல்லது நெருங்கிய குடும்பத்தினருக்கு கடும் நோய், மரணம் மாதிரி. ஐ.டி. கம்பெனி ஜாய்னிங் டேட்டைத் திடீரென்று முன்னால் கொண்டுவந்தாலோ, மழையால் செமஸ்டர் தேர்வு தள்ளிப்போனாலோ அந்தப் பட்டியலில் இடம் இருக்காது. விசா மறுக்கப்படுவதும் பல பாலிசிகளில் கிடையாது. அமெரிக்காவில் ‘எந்தக் காரணத்துக்கும் ரத்து’ என்று கூடுதல் கவர் விற்கிறார்கள், அதிலும் முழுப் பணம் வராது, பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம்தான்.

ஆரம்பத்தில் ரெண்டு பேராகக் கிளம்பி கடைசியில் தனியானவர்களையும் சொல்ல வேண்டும். நண்பன் கடைசி வாரம் காலை உடைத்துக்கொண்டு வரவில்லை என்றால், கப்பல் கம்பெனி உங்களிடம் சிங்கிள் சப்ளிமென்ட் கேட்கலாம். அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில் இந்தக் கூடுதல் தொகையையும் தருவார்கள், நண்பன் வராத காரணம் அவர்கள் பட்டியலில் இருந்தால். நம்ம ஊர் பாலிசியில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கப்பல் ஏதாவது துறைமுகத்துக்குப் போகாமலே திரும்பினால்? டிக்கெட் ஒப்பந்தத்தில் பாதையை மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் வழியாகப் புதுச்சேரி போன கோர்டேலியா கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை, பயணிகள் கடலில் இருந்தபடியே புதுச்சேரியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டிக்கெட்டில் அச்சடித்திருந்த ‘வழக்கு ஃபுளோரிடாவில்தான் போட வேண்டும்’ என்ற நிபந்தனை செல்லும் என்று 1991-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் இருந்தது நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தில்.

கடைசியாக, கரையில் இறங்கும் நேரம். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போய் நேரம் தாண்டித் திரும்பிய எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு நார்வீஜியன் டான் கிளம்பிவிட்டது. பல நாடுகள் சுற்றி செனகலில் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள். அவர்களாவது எட்டுப் பேர். கம்பெனி ஏற்பாடு செய்யும் சுற்றுலா என்றால் தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள், ஆட்டோ பிடித்து நீங்களாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். வருகிறாரா என்று எட்டிப் பார்க்க கேபினில் வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் ஒருத்தர் இருப்பார், அன்றன்றைய நிகழ்ச்சித் தாளில் அவர் நம்பர் அச்சாகி வரும். படம் எடுத்து வைத்தால் போதாது, சார்ஜ் தீர்ந்துவிடும். ஒரு துண்டுச் சீட்டில் அதையும் இன்ஷூரன்ஸ் உதவி நம்பரையும் பாலிசி எண்ணையும் எழுதி, கேபின் கார்டின் உறைக்குள் செருகிக்கொண்டு இறங்குங்கள்.