பூண்டு நட ஏற்ற மாதம் எது?

பள்ளித் தோட்டத்தை நாம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் தொடங்குகிறோம். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் அது சரி. பூண்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஜூலையில் சமவெளியில் ஊன்றிய பூண்டுப் பல் முளைக்கும், தாளும் விடும், அடியில் திரளாது. "நம்ம மண்ணு சரியில்ல டீச்சர்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். பழி மண்ணின் மீது போகாமல் காரணத்தைத் தேடவைக்கவே இந்தச் செயல்பாடு.

பூண்டுக்கு முதலில் சில வாரக் குளிர் வேண்டும். பிறகு நீளும் பகலும் ஏறும் வெப்பமும் வேண்டும். குளிர் போதாவிட்டால் பல் பிரியாமல் சின்ன வெங்காயம் போல ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். (பூப்பதற்குக் குளிர் தேவைப்படுவதை மேல்நிலைத் தாவரவியலில் தட்பப்பதனம் என்கிறோம். இது அதற்கு நெருங்கிய உறவு.) 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அந்தக் குளிரை மலையே தருகிறது. மத்தியப் பிரதேசத்தில் அக்டோபர், நவம்பரில் நட்டு, குளிர்காலம் முழுவதும் வயலில் விடுகிறார்கள். நம் சமவெளியில் அந்த அளவு குளிர் இல்லை. குளிர்சாதனப் பெட்டியிடம் கடன் வாங்கலாம்.

செப்டம்பர் நடுவில், உறுதியான பூண்டுகளை உடைக்காமல் காகிதப் பையிலிட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வையுங்கள். உறைய வைக்கும் பகுதி வேண்டாம். எங்கள் பள்ளியில் பெட்டி இல்லாததால் என் வீட்டில்தான் வைக்கிறேன். குழம்புக்குப் போய்விடாமலிருக்கப் பையின் மேல் '7 அ' என்று பெரிதாக எழுதிவிடுவேன். நவம்பர் தொடக்கத்தில், நடும் அன்று பிரித்து, தோல் உரிக்காமல், பெரிய பற்களை மட்டும் கூர்முனை மேலே இருக்க 3 செ.மீ. ஆழத்தில், 10 செ.மீ. இடைவெளியில் ஊன்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. நீர் நின்றால் பல் அழுகும். மேட்டுப்பாத்தி கட்டாயம். அடைமழை என்றால் ஒரு வாரம் தள்ளி நடுவதே நல்லது.

பக்கத்துப் பாத்தியில் குளிரில் வைக்காத பற்களை அதே நாளில் நடுங்கள். அது இல்லையென்றால் இது தோட்ட வேலை மட்டுமே, சோதனை ஆகாது. வாரம் ஒருமுறை இலைகளை எண்ணிப் பிள்ளைகள் குறிக்கட்டும். மார்ச்சில் பாதி இலைகள் மஞ்சளானதும் பிடுங்கி, குறுக்கே வெட்டி, பற்களை எண்ணச் சொல்லுங்கள். என் வகுப்பில் குளிரில் வைத்தவை சிறியவைதான், ஆனால் பல் பிரிந்திருந்தன. மற்ற பாத்தியில் பெரும்பாலும் ஒற்றைப் பல். கடைப்பூண்டு அளவுக்கு வரும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அரையாண்டு விடுமுறையில் தண்ணீர் ஊற்ற, பள்ளிக்கு அருகில் வீடுள்ள நான்கு பேரின் பெயரை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.