பாயும் பலகையும்: தொண்டிக் கரை வத்தைகள் கற்பிக்கும் பாடம்

காற்றைக் கருவியாகக் கொண்டு தொழில் புரிவது நம் நாட்டிற்குப் புதியதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி முதலாகத் தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் வரையுள்ள பாக் விரிகுடாக் கரையில் வழங்கிவந்த ‘வத்தை’ என்னும் படகு இதற்கு நல்ல சான்றாகும். உலகில் பொதுவாக வழங்கும் பாய்மர அமைப்புகளினின்று அது பெரிதும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டின் காரணத்தையும், அதனால் இன்று நாம் அடையக்கூடிய பயனையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கடலின் இயல்பு

பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கு மேற்படாத ஆழமுடையது. கரையோரத்திலோ நெடுந்தொலைவு வரை சேறும் மணலும் கடற்புல்லுமாகவே இருக்கும். மேனாட்டுப் பாய்ப்படகுகள் பலவற்றில் கவிழாமல் காக்கும் பொருட்டு அடிப்புறத்தில் கனமான ஈயத்தையோ இரும்பையோ பொருத்துவர். அத்தகைய படகு இங்கே கரை சேருமுன் தரைதட்டி நின்றுவிடும். ஆகவே தட்டையான அடிப்புறமும், நீண்டு ஒடுங்கிய உடலும் கொண்ட வத்தையை நம் முன்னோர் அமைத்தனர். ஆனால் ஒடுங்கிய படகின்மேல் பெரிய பாயை விரித்தால் அது கவிழாதிருப்பது எங்ஙனம்?

ஏற்றமும் வத்தையும்

இதற்கு விடை, படகின் குறுக்கே வைக்கப்படும் ஒரு நீண்ட பலகையாகும். காற்று வந்து தாக்கும் பக்கத்தில் அப்பலகை கடலுக்கு மேலாக வெளியே நீண்டிருக்கும். காற்று வலுக்கும்போது ஆட்கள் அதன்மேல் நகர்ந்து வெளியே சென்று அமர்வர். காற்றுத் தணிந்தால் உள்ளே திரும்புவர். கிணற்று ஏற்றத்தின் துலாவில் ஆள் முன்னும் பின்னும் நடந்து நீரிறைத்த முறையை அறிந்த உழவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும்.

கணக்கிட்டும் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள இருவர், படகின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர்கள் படகை நிமிர்த்தும் திறனை, நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டரில் வைத்த கல்லைக் கொண்டு பெற வேண்டுமானால் 480 கிலோ கல் தேவைப்படும். அக்கல்லை நாள் முழுதும் சுமந்து திரிய வேண்டும். மீன் ஏற்றும் இடமும் குறையும். பலகையோ அச்சுமையின்றியே அவ்வேலையைச் செய்கிறது.

மற்றொரு பலகை, காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் படகின் விலாவையொட்டி நீருக்குள் இறக்கப்படும். படகு பக்கவாட்டில் ஒதுங்காமல் முன்னோக்கிச் செல்ல இது உதவுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் இதனை மேலே தூக்கிவிடலாம்.

பாய்களின் அமைப்பு

பெரிய வத்தைகளில் மூன்று பாய்மரங்கள் இருந்தன. ஒரே பெரும் பாய்க்குப் பதிலாக மூன்று பாய்கள் இருப்பின், காற்றின் விசை உயரத்தில் குவியாமல் தாழ்வாகப் பரவி நிற்கும். புயற்காற்றில் ஒன்றை இறக்கிவிட்டு ஏனையவற்றால் ஓடலாம். பாயைத் தாங்கும் பருமல் மரத்தில் சாய்வாகத் தொங்குவதால் குட்டையான மரமே உயரமான பாயை ஏந்த வல்லதாகிறது.

சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இப்பலகைப் படகுகளைக் குறித்துள்ளார். அமெரிக்காவில் 1880-களில் பால் பட்லர் என்பார் தம் சிறு பாய்ப்படகில் வெளியே நகரும் இருக்கையைப் பொருத்தினார். இன்றும் பந்தயப் படகுகளில் ஒரு வகை அம்முறையையே கையாளுகிறது. நம் கரையில் மீனவர் தொழிலுக்குக் கொண்ட முறையே அங்குப் பந்தயத்திற்குப் பயன்படுகிறது என்பது கருதத்தக்கது.

இன்றைய தேவை

இந்நாளில் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆகி, இயந்திரத்தால் இயங்குகின்றன. அதனால் விளைந்த வசதியை நாம் குறைத்துக் கூற விரும்பவில்லை. எனினும் நடுக்கடலில் இயந்திரம் பழுதானால் நேர்வது யாது? கச்சான் காற்று வீசும் நாளில் படகு கிழக்கு நோக்கி அடித்துச் செல்லப்படும். அத்திசையில் 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட இந்திய - இலங்கைக் கடல் எல்லை உள்ளது. எல்லையைத் தாண்டும் மீனவருக்கு நேரும் இன்னலை இக்கரையில் அறியாதார் இல்லை.

ஒவ்வொரு படகிலும் ஒரு சிறு பாயும், மடக்கி வைக்கத்தக்க மரமும், விலாப்பலகையும் இருத்தல் நலம். பாய் மட்டும் போதாது. விலாப்பலகை இல்லையேல் படகு காற்றடித்த பக்கமே ஒதுங்கும், கரை நோக்கித் திரும்பாது. கருவிகள் இருந்தாலும் பழக்கம் இன்றிப் பயனில்லை. பாய் கொண்டு தொழில் செய்வோர் அருகிவரும் இந்நாளில், அப்பழக்கம் முதியோரிடமே எஞ்சியுள்ளது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவது, முதிய ஓடாவிமார்களிடமுள்ள அளவுகளை எழுதி வைத்தல். வத்தையின் விலாச்சட்டங்களை முதலில் நிறுத்தி, பின்னரே பலகை அடிப்பது வழக்கம். அச்சட்டங்களின் வளைவைப் பலகையில் கீறி அமைப்பர். காகித வரைபடம் இல்லை. அவ்வோடாவிமார் காலத்திற்குப்பின் இவ்வளவுகளைக் கேட்டறிய வழியிராது.

இரண்டாவது, திருவிழாக் காலங்களில் தொண்டி வட்டாரத்து ஊர்களில் நடைபெறும் பாய்மரப் படகுப் போட்டிகளைப் பயிற்சிக்கும் உரியனவாக்குதல். போட்டிக்கு முந்திய வாரங்களில் முதியவர் ஒருவர் இளைஞர் சிலருக்குப் பாய் கட்டவும், பலகையில் அமரவும், காற்றை எதிர்த்துத் திருப்பவும் கற்பிக்கலாம்.

மூன்றாவது, புதிய பாய் அமைப்புகளைச் சோதிக்க விரும்புவோரை ஊக்குவித்தல். ஆயின் சோதனை கரையருகே, உயிர்காப்புச் சட்டையுடன், துணைப்படகு உடனிருக்க நடைபெற வேண்டும். வாடைக் காலத்தில் இக்கடல் கொந்தளிப்பது. அப்பருவத்தைத் தவிர்க்க வேண்டும்.

இம்மூன்றிற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இயந்திரம் நின்றபோது கரை சேர்க்கும் அறிவு நம் ஊர்களிலேயே இருக்கிறது. அதை இளைய தலைமுறையிடம் ஒப்படைக்கும் பொறுப்பை ஊராட்சிகள் ஏற்குமென நம்புகிறோம்.