சுடர் அணைந்த பின்னும்

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்ததைக் குறிஞ்சிப்பாடி வட்டாரம் மறவாது. ஆய்வுக்கூடத்துச் சிறு அடுப்புக்கும் விழிப்பு வேண்டும்.

புன்சன் அடுப்பின் அடியில் வாயு வரும் நுண்துளை அடைபட்டால் வாயுவின் வேகம் குறையும். அப்போது சுடர் மேல்நுனியை விட்டிறங்கிக் குழாயினுள் எரியும். வெளியே சுடர் தெரியாது; குழாயோ கடுஞ்சூடேறியிருக்கும். அதனைத் தொடலாகாது. முதலில் வாயுக் குழாயின் திருகை மூடுக. முற்றும் ஆறிய பின் குழாயைக் கழற்றி, மெல்லிய கம்பியால் துளை அகலாதவாறு அடைப்பை நீக்குக. ரப்பர் குழாயில் வெடிப்பு கண்டால் உடனே மாற்றுக. மீண்டும் பொருத்தியபின், சுடரேற்றுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்க. குமிழி எழுந்தால் வாயு கசிகிறது.

சுடர் அணைந்தவுடன் சூடு அணைவதில்லை. மாணவர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய முதற்பாடம் இதுவே.