சுண்ணாம்புச் சுவர் கற்பிக்கும் பாடம்

 

சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியிலுள்ள நாகூர் தர்கா, கப்பலேறி வந்த நம் முன்னோர் 1828–1830-ல் எழுப்பியது. 1974-ல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பு மட்டும் சுவரைத் தாங்குமா? கட்டிடம் பழுதுற்று மூடிக் கிடந்தது. 2007-ல் மராமத்துத் தொடங்கி, 2011-ல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. உழைத்தோருக்கும் பொருளுதவியோருக்கும் நன்றி உரித்தாகுக!

நமக்குப் பாடம் யாது? பழைய செங்கற்சுவரில் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமிண்டு அதை உள்ளே அடைத்துவிடும், செங்கல் உதிரும். மலிவென்று எண்ணி நம் பழைய கடையில் சிமிண்டு பூசினோம், செலவு இருமடங்காயிற்று. முன்னோர் விட்டுச் சென்றது அமானத்து. அறிந்து பேணுவோமாக! ஆமீன்.