மூச்சில் வந்த ஆக்சிஜன் எங்கே போகிறது?

அன்புள்ள கயல்,

நாம் இழுக்கிற ஆக்சிஜன்தானே கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்று கேட்டிருந்தாய். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆக்சிஜன் தண்ணீராகிறது. அது எப்படி என்று புரிந்துவிட்டால் செல் சுவாசம் முழுதும் உனக்குப் பிடிபட்டுவிடும்.

இட்லியின் மாவுச்சத்து குளுக்கோஸாகிச் செல்லுக்குள் வருகிறது. முதலில் அது இரண்டு பைருவேட்டாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டாம். கையில் மிஞ்சுவதும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் 2 மட்டுமே. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், 1937-ல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சுழற்சியில் சிதைகிறது. கார்பன் டை ஆக்சைடு இங்கேயே பிரிந்துவிடுகிறது. இதில் வரும் அமிலங்களின் பெயர்களைத் தாராளமாக மனப்பாடம் செய். ஆனால் இந்தச் சுழற்சியின் பெரிய வரவு, குளுக்கோஸிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள்தான்.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் வரிசையாகச் சில புரதத் தொகுதிகள் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றில் கைமாறிக் கைமாறிப் போகும்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. மேட்டூர் அணையில் நீர் தேங்குவதுபோல் அவை அங்கே தேங்குகின்றன. ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதத்தின் வழியே அவை திரும்பிப் பாயும்போது, அதன் ஒரு பகுதி நிஜமாகவே சுழல்கிறது! ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி. உருவாகின்றன. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தின் தலைப்பகுதியைத் தனியே பிரித்து, ஒளிரும் இழையொன்றை அதில் ஒட்டி, ஏ.டி.பி. ஊட்டி அதைச் சுழலவிட்டு, நுண்ணோக்கியில் கண்ணாரப் பார்த்தார்கள். புரோட்டான் தேக்கம்தான் ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வரிசையின் கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டுமே! அங்கேதான் ஆக்சிஜன் நிற்கிறது. எலக்ட்ரான்களோடு புரோட்டான்களையும் சேர்த்துக்கொண்டு தண்ணீராகிறது. அது வராவிட்டால் வரிசை முழுதும் அப்படியே தேங்கிவிடும். சயனைடு உயிரைப் பறிப்பதும் இந்த இடத்தில்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும், கடைசிப் புரதம் அடைபட்டுப்போவதால் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். 1929-ல் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உன் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்று புத்தகத்தில் இருந்தால் பரீட்சையில் அதையே எழுது. இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரை. சவ்வு வழியே கொஞ்சம் புரோட்டான் கசிகிறது. பொருள்களை உள்ளே கொண்டுவரவும் கொஞ்சம் செலவாகிறது.

அன்புடன்,
மாமா