பார வண்டிகளின் தானே மாறும் கியர் பெட்டியில் எழும் சப்தங்கள்

நெல் மூட்டைகளும் கரும்பும் ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளுள் சிலவற்றில், கிளச்சு மிதி இல்லாமல் தானே கியர் மாறும் பெட்டி அமைந்திருக்கிறது. இதில் இஞ்சினின் சக்தி முதலில் டார்க் கன்வர்ட்டர் என்னும் வட்டப் பாத்திரத்திலுள்ள எண்ணெயின் மூலமாகவும், பின்பு நடுச்சக்கரம் ஒன்றைக் கிரகங்கள்போற் சுற்றிவரும் பற்சக்கரக் கூட்டங்களின் மூலமாகவும் பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. கன்வர்ட்டரின் தத்துவத்திற்கு ஜெர்மானிய எஞ்சினீயராகிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ஆம் வருஷத்திலேயே பேடண்டு பெற்றார். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் எம்5 டாங்கிகள் தானே கியர் மாறும் பெட்டிகளுடன் ஓடின. யந்திரம் பழையதேயாயினும், கிராமாந்தரங்களில் அதன் உட்புறத்தைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகள் சொற்பம். ஆகவே வண்டியின் சொந்தக்காரரும், சங்கத்து லாரிகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகஸ்தர்களும், சப்தம் எந்த நிலையில் எழுகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்பதைத் தாமே கவனித்துச் சொல்லத் தெரிந்திருத்தல் அவசியம்.

எனக்குத் தெரிந்த மிராசுதார் ஒருவரின் லாரியில், வண்டி நிற்கும்போது ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டது. இஞ்சினின் பேரிங் தேய்ந்துவிட்டதென்று தீர்மானித்து, அறுவடை மும்முரத்தில் இஞ்சினையே இறக்கினார்கள். கழற்றும்போதுதான், கன்வர்ட்டரை இஞ்சினோடு பிணைக்கும் மெல்லிய தட்டின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தமை தெரியவந்தது. கீழ்ப்புறத்து மூடியைத் திறந்து ஸ்பானரால் இறுக்கியிருந்தால் ஒரு பொழுதில் முடிந்திருக்கும் வேலை அது. அத்தட்டில் விரிசல் கண்டாலும் இதே ஓசைதான் எழும்.

எந்தச் சப்தமானாலும் முதலில் பார்க்கவேண்டியது எண்ணெய். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கைப்புத்தகத்திற் கண்ட சூட்டில், கண்ட முறைப்படி அளவு பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்தாலோ, வடிகட்டி அடைபட்டாலோ, பம்பு காற்றையும் சேர்த்து இழுப்பதால் வண்டின் ரீங்காரம்போன்ற ஊளை கேட்கும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கி அதே கெடுதியைச் செய்யும். தாராளமாக ஊற்றுவது தர்மமென்று எண்ணும் டிரைவர்கள் இதைக் கவனிக்க. எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசினால் உள்ளேயிருக்கும் கிளச்சுத் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. பால் கலந்த தேநீர்போற் காணப்பட்டால் குளிர்விக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம், அவ்வண்டியை ஓட்டலாகாது. பளபளக்கும் உலோகத் துணுக்குகள் கண்டால் பேரிங்கோ பற்சக்கரமோ தேய்கிறதென்று கொள்க.

எண்ணெய் சரியாயிருந்தும் சப்தம் நீங்காவிடில் நியூட்ரலில் நிறுத்தி இஞ்சினின் வேகத்தை மெதுவாக ஏற்றுக. வேகத்தோடு ஊளையும் ஏறினால் பம்பின்மீது சந்தேகப்படலாம். ஆனால் டைனமோ, விசிறி ஆகியவற்றின் பேரிங்குகளும் அவ்வாறே கூவுமாதலால் அவற்றை முன்னதாகப் பரிசோதித்து விலக்கவேண்டும். அடுத்து, வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நில்லாதபடி செய்து, பிரேக்கை நன்றாய் மிதித்துக்கொண்டு கியரில் போடுக. நியூட்ரலில் இல்லாத உறுமல் இப்போது எழுந்து, மறுபடி நியூட்ரலுக்கு மாற்றியதும் அடங்கினால், கன்வர்ட்டரின் உள் பேரிங்குகள் கெட்டிருப்பதற்கு அது வலுவான அறிகுறி. நியூட்ரலில் கன்வர்ட்டரின் இரு பாகங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே சுழல்கின்றன; கியரில் போட்டு நிறுத்தினால் ஒன்று நிற்க மற்றொன்று சுழல்வதால் பேரிங்கின்மேல் வேலை விழுகிறது. இப்பரீக்ஷையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவேண்டாம். முழு வேகத்தில் செய்யும் சோதனை பழகிய மெக்கானிக்கின் வேலை. எண்ணெய் சில விநாடிகளில் கொதிப்பேறிவிடும்.

ஓடும்போது சில கியர்களில் மட்டும் கேட்டு, பற்சக்கரக் கூட்டம் முழுவதும் ஒன்றாய்ச் சுழலும் நேர்க்கியரில் மறையும் சப்தம், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. எந்தக் கியரானாலும் வண்டியின் வேகத்தை மட்டும் அனுசரித்து ஏறி இறங்கும் சப்தம் பெரும்பாலும் பெட்டியின் பின்முனைப் பேரிங்கிலோ, புரொப்பெல்லர் ஷாப்டின் இணைப்புகளிலோ, டிபரென்ஷியலிலோ உண்டாவது. இதைக் கண்டறிவதற்காகச் சரிவில் நியூட்ரலில் உருளவிடுவது கூடவே கூடாது. கியரில் போட்டவுடன் ‘டங்’ என்று ஒரே ஒரு அடி விழுந்தால் ஷாப்டின் இணைப்பையும் பெட்டி தாங்கும் ரப்பரையும் பார்த்தால் போதும்.

பழுதான வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லும்போதே நல்ல பெட்டிகள் பல கெட்டுப்போகின்றன. எண்ணெய்ப் பம்பு இஞ்சினோடு சுழல்வது. இஞ்சின் நின்றபின் பின்சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளிருக்கும் பாகங்கள் எண்ணெயின்றி உராய்ந்து எரிந்துவிடும். ஆகையால் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிய பின்னரே வடம் கட்டவேண்டும். அல்லது பின்சக்கரங்களைத் தூக்கியே கொண்டுசெல்ல வேண்டும்.