பெரிய டயர், உரசாத வண்டி

நாட்றம்பள்ளிப் பக்கம் பிக்கப் ஓட்டுபவருக்குப் பெரிய டயர் ஆசை ஏன் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை 48-ஐ விட்டு இறங்கினால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஏரிக்கரை மண்பாதை. இன்னும் கொஞ்சம் போனால் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. வண்டியின் அடி கல்லில் இடிக்கிறது, டயர் கடைக்குப் போகிறோம். "மாட்டிடலாம்ணே, உரசுனா தட்டிக்கலாம்" என்கிறார் கடைக்காரர். மாட்டியாகிவிடுகிறது. கடை வாசலில் எங்கேயும் உரசவில்லை. முதல் தடவை ஏலகிரி ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் சர்ரென்று சத்தம் வருகிறது.

காரணம் இதுதான். கடை வாசலில் வண்டி நேராக, காலியாக நிற்கிறது. உரசலோ ஸ்டீயரிங் ஒடிந்து, சக்கரம் மேலே ஏறி, இரண்டும் ஒன்றாகச் சேரும்போது வருவது. அந்த நிலையில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று தெரியாமல் டயருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அளவு: ஒரு படி மேலே, அதற்கு மேல் வேண்டாம்

கணக்கு எளிது. பொலேரோ வகையில் பரவலாக ஓடும் 215/75 ஆர்15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 215 என்பது மி.மீ. கணக்கில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. மொத்த விட்டம் 703.5 மி.மீ. இதே கணக்கில் 225/75 ஆர்15-க்கு 718.5, 235/75 ஆர்15-க்கு 733.5 வரும்.

215-இலிருந்து 235-க்குப் போனால் விட்டத்தில் 30 மி.மீ. கூடுகிறது. வண்டியின் அடி உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. மட்டுமே. அந்தப் பதினைந்துக்காக டயர் முன்னால் 15, பின்னால் 15, அதே ரிம்மில் உள்ளே 10, வெளியே 10 என்று நாலு பக்கமும் இடம் கேட்கிறது. என் விதி, ஒரு படி மட்டும். 215 இருந்த இடத்தில் 225. அதற்கு மேல் போகிறவர் கீழே உள்ள சோதனையை ஒரு வரி விடாமல் செய்யட்டும்.

ரிம்மையும் பாருங்கள். 6 அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள ரிம்மில் 235 போடக் கூடாது. பக்கச் சுவர் பிதுங்கி, நடுவில் மட்டும் தேயும்.

லோடு எண்ணும் சட்டமும்

டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்த எண்ணுள்ள டயரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தடியாக, முரட்டுப் பட்டனோடு தெரியும் சில டயர்கள் ஜீப்புக்கும் காருக்கும் செய்தவை. உப்புப் போட்ட ஈரத்தோலை வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ஏற்றுகிற வண்டிக்கு அது ஆகாது. எல்.டி. என்று போட்டிருப்பதை, பிளை எண்ணிக்கை குறையாமல் வாங்குங்கள்.

சட்டம் இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. சரக்கு வண்டிப் பதிவில் டயர் அளவும் ஒரு விவரம். ஆகவே அதே மாடலின் வேறு ரகங்களுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு எது என்று கையேட்டில் பார்த்து, அதற்குள் தேர்ந்தெடுங்கள். அதைத் தாண்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். எஃப்.சி.க்கு நிற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தெரிந்துகொள்வதற்கு அது மேல்.

ஆஃப்செட்: கண்ணுக்குத் தெரியாத எதிரி

ஹப்பில் ரிம் உட்காரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். டயரோடு வெளியே துருத்தி நிற்கும் அலாய் ரிம்மையும் வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரம் வெளியே வந்தால் உள்பக்கம் கமான் பட்டையில் உரசாது, உண்மை. ஆனால் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அது சுற்றும் வட்டம் பெரிதாகி, முன்னால் பம்பர் முனையிலும் பின்னால் கேபின் அடி ஓரத்திலும் போய் இடிக்கும். டயரை மாற்றுங்கள், கம்பெனி ரிம்மை அப்படியே வைத்திருங்கள். ஸ்பேசர் பற்றிக் கேட்காதீர்கள். லோடு வண்டிக்கு ஸ்பேசர் கிடையாது.

உரசுமா? மாட்டும் முன் சோதனை

நாலு டயரையும் மாட்டச் சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் ரிம்மில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம். அதை முன் இடது பக்கம் மாட்டுங்கள். சமதளம், ஹேண்ட்பிரேக், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. ஸ்டீயரிங்கைத் திருப்ப ஒருவர், பார்க்க ஒருவர். திரும்பும்போது மட்கார்டுக்குள் கை போகக் கூடாது. திருப்பி நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகே கையும் டார்ச்சும் உள்ளே.

முதலில் பழைய புஷ்களைப் பாருங்கள். புஷ் தேய்ந்த வண்டியில் பிரேக் மிதித்தால் சக்கரமே பின்னால் நகரும், எந்த அளவும் நிற்காது. புஷ் மாற்றிவிட்டு வாருங்கள்.

இனி முன்பக்கச் சோதனை. லோடு ஏற்றினால் உரசல் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லோடு பெரும்பாலும் பின்பக்கத்தைத்தான் இறக்கும், முன்பக்கத்தை அவ்வளவாக அமுக்காது. அதனால் முன்பக்கத்தைக் காலி வண்டியில், மூலைக்கு மூலை சோதிக்க வேண்டும். முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஏறக்குறைய 20 செ.மீ. உயரமுள்ள தடித்த மரக்கட்டைகளில் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கும். இப்போது முன் இடது சக்கரம் உள்ளே அமுங்கி நிற்கும்.

மட்கார்டு உள் பிளாஸ்டிக், பம்பர் பின்முனை, கேபின் அடி ஓரம், சேஸிஸ் சட்டம், கமான் பட்டை அல்லது மேல் ஆர்ம் என்று சந்தேகப்படும் ஒவ்வோர் இடத்திலும் எலுமிச்சம்பழ அளவு ஈரக் களிமண்ணை ஒட்டுங்கள். டயரின் தோளில் சாக்பீஸைத் தாராளமாகத் தேயுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, நிறுத்தாமல் ஆனால் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். முழு ஒடிப்பில் மட்டும் பார்ப்பது போதாது. பம்பர் முனையில் பெரும்பாலும் முக்கால் ஒடிப்பில்தான் டயரின் மூலை இடிக்கும், அதைத் தாண்டி முழுக்க ஒடித்தால் விலகிக்கொள்ளும். களிமண்ணில் சாக்பீஸ் வெள்ளை ஒட்டியிருந்தால் டயர் அதைத் தொட்டிருக்கிறது. அங்கே நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி. ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் இன்னும் முழு உண்மை இல்லை. சஸ்பென்ஷன் கடைசியில் போய் முட்டும் ரப்பர் ஒன்று உண்டு, பம்ப் ஸ்டாப். கட்டை மேல் நிற்கும்போது அந்த ரப்பருக்கும் அது முட்டும் இரும்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். 30 மி.மீ. என்றால் பெரிய பள்ளத்தில் டயர் இன்னும் மேலே வரும் என்று பொருள். முன்னால் கமான் பட்டையும் ஒரே ஆக்ஸிலும் உள்ள வண்டியில் ஏறக்குறைய அதே 30. காயில் வைத்த வண்டியில் ரப்பர் ஆர்மின் நடுவில் இருந்தால் சக்கரம் ஏறக்குறைய இரட்டிப்பாக, 60 மி.மீ. ஏறும். மேல்பக்கக் களிமண் அளவிலிருந்து இதைக் கழியுங்கள்.

கழித்த பிறகு எல்லா இடத்திலும் ஒரு விரல் தடிமனாவது, அதாவது 15 மி.மீ., மிஞ்ச வேண்டும். மழை பெய்தால் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு வரும். அந்த ஒரு விரல் அதற்காக. பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் பக்கத்தில் வந்தால் இரண்டு விரல். தகரம் உரசினால் சத்தம் வரும், ஹோஸ் உரசினால் சத்தமே வராது.

அதே டயரை வலப்பக்கம் மாட்டி, கட்டைகளை எதிர் மூலைகளுக்கு மாற்றி இன்னொரு தடவை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு தடவை தட்டி நிமிர்த்திய மட்கார்டு எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரியும். முழுக்க ஒடித்து ரிவர்ஸிலும் கொஞ்சம் நகர்த்துங்கள். முன்னால் போகும்போது தொட்டும் தொடாமலும் இருந்த மட்ஃபிளாப்பை டயர் உள்ளே இழுத்துக்கொள்வது அப்போதுதான்.

பின்பக்கச் சோதனை சுலபம். ஆர்.சி.யில் உள்ள எடை வரை லோடு ஏற்றுங்கள். டயர் மேல்விளிம்புக்கும் தொட்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, பின் ரப்பர் இடைவெளியைக் கழியுங்கள். இங்கேயும் ஒரு விரல்.

உரசினால்: எது முதலில், எது கடைசியில்

வரிசை முக்கியம். மீட்டெடுக்க முடிவதை முதலில் செய்யுங்கள், வெட்டுவது பிறகு.

மட்ஃபிளாப்பைக் கழற்றி ஓர் அங்குலம் பின்னால் தள்ளி மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். உள் பிளாஸ்டிக்கை ஹீட் கன்னால் இளக்கி, பின்னால் அழுத்தி, பெரிய வாஷர் போட்ட திருகாணியால் இறுக்குங்கள். அடுப்பு நெருப்பில் காட்டாதீர்கள்.

காயில் வண்டியாக இருந்தால் அலைன்மென்ட் கடையில் கேஸ்டர் கோணத்தைக் கம்பெனி அனுமதித்த எல்லைக்குள் வைத்து, சக்கரத்தைச் சில மி.மீ. முன்னால் தள்ளச் சொல்லுங்கள். கேபின் அடி ஓரத்தில் உரசுவதற்கு இதுவே நல்ல மருந்து. முன்பக்கம் பம்பரில் உரசுகிறவர் இதைச் செய்தால் கெட்டது.

அதற்கும் அடங்காவிட்டால் டிங்கரிங். கேபின் அடி ஓரத்தில் இரண்டு தகடு சேர்ந்து நிற்கும் விளிம்பைப் பின்பக்கம் மடித்துத் தட்டலாம், பம்பர் பிளாஸ்டிக் முனையைச் சீவலாம். தகடு வெறும் இரும்பாகத் தெரியும் இடம் எல்லாவற்றிலும் அன்றே துரு எதிர்ப்பு பிரைமர், அதன் மேல் சீலர், அதன் மேல் பெயின்ட். மற்ற ஊரில் இது அழகுக்காக. நம்மூரில் தோல் லோடிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் அந்த விளிம்பில் இறங்கினால் ஒரு மழைக்காலத்துக்குள் கேபின் தரை பொடியாக உதிரும்.

ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைக் கூட்டி ஒடிப்பைக் குறைப்பது கடைசி வழி. உரசல் நிற்கும், வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும். ஏலகிரியின் 14 வளைவிலும் புலவர், வள்ளல் பெயர்ப் பலகைகளைப் படிக்க நேரம் கிடைக்கும், ஏனென்றால் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

"லிஃப்ட் போட்டா சரியாயிடும்" என்பவரை நம்பாதீர்கள். லிஃப்ட் வண்டியை நிற்கும்போது உயர்த்துகிறது. பம்ப் ஸ்டாப்பை மாற்றாதவரை, பெரிய பள்ளத்தில் சக்கரம் பழைய உயரத்துக்கே ஏறும், பழைய இடத்திலேயே உரசும்.

மாட்டிய பிறகு

பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் கட்டாயம். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். வாங்குவதற்கு முன்பே அடியில் உள்ள தொங்கலில் அது அடங்குமா என்று பாருங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அளவு கலந்து ஓட்டினால் கியர்பாக்ஸ் பக்கம் செலவு வரும்.

235 போட்டவருக்கு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 62.5-க்கு மேல். 80-இல் கட்டும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள வண்டி 83-ஐத் தாண்டும். ஓடிய தூரமும் குறைவாகக் காட்டும், ஆயில் மாற்றுவதை அதற்கேற்பச் சற்று முன்கூட்டியே வையுங்கள். மலை ஏறும்போது ஒரு கியர் முன்னதாகக் குறைக்க வேண்டியிருக்கும். இறங்கும்போதும் அப்படியே, கனமான சக்கரத்தை நிறுத்தப் பிரேக் அதிகம் உழைக்கும்.

கடைசியாக, பழைய டயரை எக்ஸ்சேஞ்சில் அன்றே கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், விலையும் ஆசை காட்டும். பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறி இறங்குங்கள், முழு லோடோடு ஒரு தடவை, மழைச் சேற்றில் ஒரு தடவை ஓட்டுங்கள். பிறகு டார்ச் அடித்து மட்கார்டுக்குள் பாருங்கள். புதிதாகப் பளபளக்கும் கீறல் இல்லை என்றால் பழையதை விற்கலாம். இருந்தால், ஒரு படி சிறிய டயருக்குப் பேரம் பேசக் கையில் ஏதாவது இருக்கும்.